வெள்ளறடையில் பாடாத பாட்டு

மைனி சுதி கொடுக்கும்போது கண்ணை மூடமாட்டாள். வாயை மூடிக்கொண்டு மெல்ல ஒரு முனகல் முனகுவாள். அது அவளுடைய சுதி. பிறகு என் பக்கம் திரும்பி எனக்கு வேண்டியதை ஒரு படி இறக்கிக் கொடுப்பாள். அடுத்து கம்பவுண்டருக்கு. கடைசியில், எல்லாருக்கும் அடியில் நிற்கும் அவள் புருஷனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு. பந்தியில் ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பரிமாறுகிறவள் மாதிரி இருக்கும். எங்களுக்கு ஆர்மோனியம் கிடையாது, பிடில் கிடையாது, தாளம் போட ஒரு தட்டுகூடக் கிடையாது. நாலு தொண்டைகள்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு சாயங்காலம், கிறிஸ்தவ சபையின் முற்றத்தில் ஓலைப்பந்தலுக்குக் கீழே, பெஞ்சுகள் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, மைனி அப்படித்தான் சுதி கொடுத்தாள். அவ்வளவு சுத்தமாக அவள் அதற்கு முன் கொடுத்ததில்லை. நாங்கள் நாலு பேரும் மூச்சை இழுத்துக்கொண்டோம். அடுத்த நொடியில் நடந்ததை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

இதை நான் எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் என் மகள் வழிப் பேரன். அவனும் அவனுடைய கூட்டாளிகளும் வாத்தியம் இல்லாமல் பாடுகிற ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் ஒருவன் வாயாலேயே மத்தளம் அடிக்கிறான். எச்சில் தெறிக்காமல் எப்படிச் செய்கிறான் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போன மாதம் அவன் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். நெய்யாற்றின்கரை, வெள்ளறடை, கள்ளிக்காடு என்று மூன்று ஊர்களில் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அவர்கள் பாடப்போகிறார்கள். கீழே பெரிய எழுத்தில், எல்லைப் போராட்டக் காலத்தில் மொழி ஒற்றுமைக்காக இரண்டு மொழிகளையும் ஒரே நேரத்தில் பாடிக் காட்டிய முன்னோடிகளின் பாட்டு மீண்டும் மேடையேறுகிறது என்று போட்டிருந்தார்கள். முன்னோடிகளில் மிஞ்சியிருக்கிற இரண்டு பேருக்குப் பொன்னாடையாம். அந்த இரண்டு பேர் நானும் மைனியும். நோட்டீசைப் படித்த எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். திருடின சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனவள் போல நான் கூசிப்போனேன்.

அண்ணன் பாறசாலைச் சந்தைக்கு எதிரே தையல்கடை வைத்திருந்தான். மெஷினை மிதித்துக்கொண்டே அடித்தொண்டையில் பாடுவான். கடைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு மெஷின் எது, அண்ணன் எது என்று தெரியாது. மைனி நெய்யாற்றின்கரைக்காரி. அவளுடைய அப்பா அங்கே கோர்ட்டில் குமஸ்தா. வீட்டில் பேசுவது மலையாளம். எங்கள் வீட்டில் தமிழ். இதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய சங்கதியே இல்லை. சந்தையில் மீன் வாங்க ஒரு பாஷை, வழக்குப் பேச ஒரு பாஷை, ஜெபிக்க ஒன்று, திட்ட இன்னொன்று என்று நாங்கள் எல்லாரும் இரண்டையும் கலந்துகட்டித்தான் வளர்ந்தோம். மைனி கல்யாணமாகி வந்த வருஷம் எங்கள் சபையின் கால்மிதி ஆர்மோனியத்தை எலி கடித்துவிட்டது. சரிசெய்கிறோம் என்று கமிட்டியார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மைனி பொறுக்கமாட்டாமல், "பெட்டி இல்லேண்ணா பாட்டு இல்லியா? தொண்டைய எலி கடிக்கல்லியே" என்றாள். அப்படித் தொடங்கியது எங்கள் குழு. மேல்குரலான சோப்ரானோ அவள், அதற்கடுத்த ஆல்ட்டோ நான், மிஷன் மருந்தகத்துக் கம்பவுண்டர் டெனர், அடிக்குரலான பேஸ் அண்ணன். கம்பவுண்டர் எங்கள் உறவில்லை, ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் இல்லாத நாள் குறைவு.

மைனிக்கு ஒரு முறை உண்டு. பாட்டை முதலில், நம் சரிகம மாதிரியான டோ-ரே-மி எழுத்திலேயே பாடவேண்டும். அவரவர் பாகம் கல்லில் வெட்டினது மாதிரி உறைக்கும் வரை வார்த்தையைத் தொடவிடமாட்டாள். வார்த்தையைக் கடைசி வாரத்தில்தான் ஏற்றுவோம். ஒரே ராகத்துக்குத் தமிழ் வார்த்தையும் உண்டு, மலையாள வார்த்தையும் உண்டு. எந்தச் சபைக்குப் போகிறோமோ அதற்குத் தக்கபடி ஒன்றைப் போட்டுக்கொள்வோம். சேலை ஒன்று, முந்தானை இரண்டு என்று கம்பவுண்டர் கேலி செய்வார். நல்ல முறைதான். வீட்டில் பேச்சு இருக்கிற வரைக்கும் அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

பிறகு அந்த வருஷங்கள் வந்தன. தமிழ் பேசுகிற தாலுக்காக்கள் மலையாள அரசாங்கத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரெல்லாம் கூட்டம், ஊர்வலம். அண்ணன் கூட்டங்களுக்குப் போனான். கொடி தைத்துக் கொடுத்தான். மைனி தடுக்கவில்லை. கொடித்துணி வெட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கூடக் கொடுத்தாள். ஒரு நாள் கூட்டத்தை மலையாளப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. முதுகு முழுக்கக் கன்றிப்போய் அண்ணன் வந்து சேர்ந்தான். மைனி அவனைக் குப்புறப் படுக்கவைத்து, வறுத்த உமியைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். அப்போது அண்ணன் தலையைத் தூக்காமலேயே சொன்னான்: "ஒனக்க ஆளுவ நல்லாத்தான் அடிச்சானுவ."

அவ்வளவுதான். மைனியின் கை ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். பிறகு அவள் மிச்ச இடத்துக்கும் ஒத்தடம் கொடுத்து முடித்து, உமியை அடுப்பில் கொட்டிவிட்டு, கையைக் கழுவினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு நின்றது. "அண்ணனட்ட சோறு ஆயிட்டுண்ணு சொல்லு." "ஒனக்க மைனியட்ட கடைச் சாவி எங்கேண்ணு கேளு." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் நிற்பார்கள், இடையில் நான் ஒரு தபால்காரி. சோறு, சாவி, தண்ணீர் எல்லாம் என் வழியாகப் போயின, வந்தன. அந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் இந்தப் பக்கமிருந்தும் ஒரு தபாலும் வரவில்லை, அந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. அண்ணன் சொன்னது தப்பு என்று அவனுக்கே தெரியும். உள்ளே வெந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அவனால் முடியவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு வியாதி.

சபையில் வருஷாவருஷம் நடக்கும் ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்த கையோடு மூன்று ஊர்ச் சபைகளில் நாங்கள் பாடுவதாக அதற்கு முன்பே ஏற்பாடாகியிருந்தது. முதலில் நெய்யாற்றின்கரை, அதற்கடுத்த சனிக்கிழமை வெள்ளறடை, அதற்குப் பிறகு கள்ளிக்காடு. மைனிக்கு இதில் முக்கியமானது நெய்யாற்றின்கரைதான். அவள் அப்பா இந்தக் கல்யாணத்தை அரைமனதோடுதான் செய்துவைத்தார். மகளைப் பாண்டிக்காரன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார் என்று, தமிழனை இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல்லால், கோர்ட்டில் யாரோ சொன்னது அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. இப்போது மகள் பாடப்போகிறாள் என்று கேட்டு மனம் இளகி, கோர்ட்டில் கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் அழைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பாடி முடித்ததும் மகள் தன்னோடு வந்து ஒரு வாரம் இருக்கட்டும் என்றும் சொல்லியிருந்தார். மைனி சின்னப் பெட்டியில் துணி அடுக்கி வைத்துவிட்டாள். அண்ணன் அந்தப் பெட்டியைப் பார்ப்பதும் பார்க்காதது மாதிரி போவதுமாக இருந்தான். அவள் போனால் திரும்பி வருவாளா என்ற பயம் எனக்கும் இருந்தது, அவனுக்கும் இருந்தது. அதையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வார்த்தை ஏற்றவேண்டிய அந்தக் கடைசி வாரத்தில் எங்கள் பாறசாலையில் தடை உத்தரவு போட்டார்கள். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. நாங்கள் நாலு பேர்தானே என்று கம்பவுண்டர் சிரித்தார். ஆனால் சாலையில் போலீஸ் நிற்பதால் அவரால் சாயங்காலம் வரமுடியவில்லை. சரி, அவரால்தான் வரமுடியவில்லை. ஒரே கூரைக்குள் இருந்த நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பாடியிருக்கலாம். பாடவில்லை. நெய்யாற்றின்கரைச் சபையில் ஞாயிறு காலையில் தமிழ் ஆராதனை, சாயங்காலம் மலையாளம்; நாங்கள் பாடுவதோ ஆராதனை இல்லாத சனிக்கிழமை. எந்தப் பாஷையில் பாடுவது என்று ஒருவர் மற்றவரிடம் கேட்கவேண்டும். யார் கேட்பது? தடை உத்தரவு எங்களுக்கு ஒரு சாக்காக வாய்த்தது.

மைனி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே தமிழ் வார்த்தைகளைப் பாடிப் பழகினாள். பக்கத்தில் இருந்த நானும் தமிழையே பழகினேன். அங்கே தையல்கடையில் அண்ணன் மெஷினை மிதித்துக்கொண்டே மலையாள வார்த்தைகளைப் பழகியிருக்கிறான். பகலில் மருந்தகத்திலிருந்து வந்துபோன கம்பவுண்டர் அதைக் கேட்டுத் தானும் அதையே எடுத்துக்கொண்டார். பாடவேண்டிய அன்றைக்குக் கடையிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு பஸ்ஸில் வந்தார்கள், வீட்டிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் முந்தின பஸ்ஸில் போனோம். மேடையில்தான் நாலு பேரும் ஒன்றாக நின்றோம்.

மைனி சுதி கொடுத்தாள். வாயைத் திறந்தோம். பெண்குரல் இரண்டும் தமிழ், ஆண்குரல் இரண்டும் மலையாளம். ராகம் ஒன்றுதான், பாகம் சுத்தம்தான், ஆனால் மூச்சு எடுக்கிற இடம் வேறு, சொல் முடிகிற இடம் வேறு. கோழிக்கூட்டுக்குள் நாய் நுழைந்தது மாதிரி ஆகிவிட்டது. முதல் வரி முடிந்தபோது முன்பெஞ்சில் ஒருவர் சிரித்தார். இரண்டாவது வரியில் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நாங்கள் நிறுத்தவில்லை. அந்தச் சரணம் முடிகிற வரை அப்படியே பாடினோம். நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரணத்தின் முடிவில் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது: "கெட்டியோன் மலையாளம், கெட்டியோள் தமிழ்! எந்தா, வீட்டில் மிண்டாட்டம் இல்லே?"

புருஷன் ஒரு பாஷை, பெண்டாட்டி ஒரு பாஷை, வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாதா என்று கேட்கிறான். பந்தலே அதிர்ந்தது. வேடிக்கைக்குச் சொன்னவனுக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று தெரியாது. எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நாங்களே மேடையில் ஏறி, நாலு பாகத்தில், சுதி பிசகாமல் பாடிக் காட்டிவிட்டோம். பிறகு சிரிப்பு சண்டையாக மாறியது. தமிழைக் கேலி செய்ய வந்தார்கள் என்று ஒரு பக்கம், மலையாளத்தைக் கேலி செய்ய வந்தார்கள் என்று மறு பக்கம். மைனியின் அப்பா எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு, மேடைப் பக்கம் திரும்பாமலேயே பந்தலை விட்டுப் போனார். கோர்ட்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் பின்னால் போனார்கள். மைனி துணிப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பந்தல் வாசலில் நின்றாள். கூப்பிட ஆள் வரும் என்று நின்றாள். பந்தலில் விளக்கை இறக்குகிற வரைக்கும் யாரும் வரவில்லை. கம்பவுண்டர்தான் மெதுவாக, "பஸ் போயிரும், வாருங்க" என்றார். திரும்பி வருகிற வழி முழுக்க அந்தப் பெட்டி அவள் மடியில் இருந்தது. அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்த வாரத்தை எப்படிக் கழித்தோம் என்று எனக்கே தெரியவில்லை. நான் லேஸ் பின்னலைக் கொடுக்க மிஷன் வளாகத்துக்குப் போனால் கூடப் பின்னுகிற பெண்கள் ஊசியைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். சந்தையில் பையன்கள் அண்ணன் கடை முன்னால் நின்று ஆளுக்கொரு பாஷையில் இழுத்துப் பாடிவிட்டு ஓடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அண்ணனோடு கூட்டங்களுக்குப் போன தோழர்கள் வந்து, தைக்கக் கொடுத்திருந்த துணியை வெட்டாமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். "எலே, ஒனக்கு அவளுக்க பாஷ இனிச்சிட்டு, இல்லியா?" என்று ஒருவன் கேட்டான். அண்ணன் துணியை மடித்துக் கொடுத்தான். முதுகில் காயம் ஆறாதவனிடம் அப்படிக் கேட்டார்கள். அங்கே அவள் அப்பாவுக்கு மகள் பாண்டிக்காரியாகிவிட்டாள். இங்கே ஊருக்கு அவள் மலையாளத்தாளாகவே இருந்தாள். அவள் போய் நிற்க ஒரு வாசல் இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருந்தது அண்ணன் ஒருவன்தான். அவனோ வாயைத் திறக்கவில்லை.

வெள்ளறடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கம்பவுண்டர் பகல் நேரத்தில் சுற்று வழியாக வந்து சேர்ந்தார். போகவேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பலாம் என்றார். அதில்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது என்றார்: "வார்த்தையே வேண்டாம். டோ-ரே-மி மட்டும் பாடுவோம். எந்தக் கட்சிக்காரனும் அதில குத்தம் கண்டுபிடிக்க ஒக்காது."

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அண்ணனும் தலையாட்டினான். உலைப்பானைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மைனி அகப்பையைக் கீழே வைத்தாள். நேராக அண்ணனைப் பார்த்து, என்னை நடுவில் வைக்காமல், பேசினாள்.

"வார்த்தைய முழுங்கிட்டுப் பாடணுமாக்கும்? இத்தற நாளும் இந்த வீட்டில அதத்தானே செய்தோம்? அது போதாதா?"

அண்ணன் திடுக்கிட்டுப்போனான். "நான் ஒனக்காவத்தான் மலையாளம் பாடினேன். ஒனக்க அப்பா கேக்கட்டுண்ணு."

"நான் ஒங்களுக்காவத்தான் தமிழ் பாடினேன். அடிச்சது எனக்க ஆளுவ இல்லேண்ணு அந்த ஊருல நிண்ணு சொல்லணும்ணு பாடினேன். எனக்க ஆளு யாருண்ணு ஒங்களுக்குத் தெரியாதா?"

பிறகு அவர்கள் போட்ட சண்டையை நான் இங்கே எழுதமாட்டேன். உமி ஒத்தடத்திலிருந்து ஆரம்பித்து, கல்யாணத்தன்று பந்தியில் அவள் அப்பாவுக்கு நடந்த மரியாதைக் குறைச்சல் வரைக்கும் எல்லாம் வெளியே வந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். தடை உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்கள் எல்லாரையும் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைச் சாத்தப் போனேன். கம்பவுண்டர் என் கையைப் பிடித்துத் தடுத்து, "கெடக்கட்டு மக்கா. கேட்டுட்டுப் போவட்டு" என்றார். சோறு அடியில் பிடித்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் அந்தத் தீய்ந்த சோற்றைத்தான் சாப்பிட்டோம். சாப்பாட்டின் நடுவில் அண்ணன், "எந்தச் சபையில எந்தப் பாஷையில ஆராதனையோ அதிலயே பாடுவோம். வெள்ளறடையில தமிழ், கள்ளிக்காட்டில மலையாளம். ரெண்டும் இருக்க எடத்தில முன்னாலயே பேசி வச்சுக்கிடலாம்" என்றான். இவ்வளவுதான் விஷயம். ஒரு பிடி சோறு விழுங்குகிற நேரத்தில் பேசி முடிக்கக்கூடிய இந்த விஷயத்துக்காக அத்தனை அவமானம்.

வெள்ளறடையில் கூட்டம் நெரிந்தது. பாட்டைக் கேட்க வந்த கூட்டம் இல்லை, எங்களைப் பார்த்துச் சிரிக்க வந்த கூட்டம். மலைப்பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கள் மேடையில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்கள்: "அந்த ரெண்டு பாஷப் பாட்டைப் பாடுங்க! அன்னைக்குப் பாடினதப் பாடுங்க!" கையைத் தட்டிக் கேட்டார்கள். சபைப் போதகர்கூட, பாடிவிட்டால் கூட்டம் அடங்கும் என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார். அப்போது அண்ணன் அத்தனை பேருக்கும் முன்னால் மைனியின் பக்கம் திரும்பிக் குனிந்து, "என்ன செய்யணும்? நீ சொல்லு" என்றான். மேடையில் வைத்து ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் அப்படிக் கேட்பது அந்தக் காலத்தில் கண்ட காட்சி அல்ல. அதற்கும் சிரித்தார்கள். மைனி, "வேண்டாம். பேசி வச்சதப் பாடுவோம்" என்றாள். பாடினோம். கூச்சலுக்கு நடுவிலேயே, தமிழில், கடைசிச் சரணம் வரை பாடினோம். கூட்டத்தில் பாதி பேர் ஏமாந்துபோய்ப் பாட்டின் நடுவிலேயே எழுந்து போனார்கள். இருந்த மீதிப்பேர் கடைசியில் கை தட்டினார்களா என்று எனக்கு ஞாபகமில்லை. அண்ணன் மைனியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினது ஞாபகமிருக்கிறது.

கள்ளிக்காட்டுக்கு நாங்கள் போகவே இல்லை. அங்கேயும் தடை உத்தரவு போட்டுவிட்டார்கள். எல்லைக்கோடு போட்டபோது பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. குழித்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நான் தமிழ்நாட்டுக்காரியாகிவிட்டேன். மைனியின் அப்பா பிற்பாடு எங்கள் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், பேரப்பிள்ளைகளைத் தூக்கினார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மட்டும் ஒரு நாளும் பேசவில்லை. கம்பவுண்டர் போனார். பிறகு அண்ணனும் போனான். சிரித்த தலைமுறையும் போனது. அவர்கள் சொல்லிச் சிரித்த கதை மட்டும் வாய் மாறி, வாய் மாறி, சிரிப்பு கழன்று, ஒற்றுமைக் கதையாகி என் பேரனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். ஒருவருக்காக ஒருவர் மற்றவர் பாஷையை எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் அது என்று சொன்னேன். அவன் கண் கலங்கி, "இது அதைவிட நல்ல கதையாக்கும் பாட்டி" என்றான். நோட்டீசை மாற்றவில்லை.

போன சனிக்கிழமை நெய்யாற்றின்கரைக்குப் போனேன். மைனியைப் பாறசாலையிலிருந்து காரில் அழைத்துவந்திருந்தார்கள். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, காது என்னுடையதைவிடக் கூர்மை. ஏசி போட்ட மண்டபம். பொன்னாடையைப் போர்த்தினார்கள், ஒருவர் மொழிகள் கைகோர்த்த கதையைப் பத்து நிமிஷம் பேசினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிள்ளைகள் பாடினார்கள். இரண்டு பாஷையும் ஒன்றோடொன்று இடிக்காமல், மூச்சு எடுக்கிற இடத்தையெல்லாம் கணக்குப் பண்ணிக் கோர்த்திருந்தார்கள். அழகாக இருந்தது என்பதை மறைக்கமுடியாது. மண்டபமே எழுந்து நின்று தட்டியது. எங்களைப் பார்த்தும் தட்டினார்கள். என்னால் தலையைத் தூக்கமுடியவில்லை.

கைதட்டலின் நடுவில் மைனி என் காதருகே வந்தாள். "நீ பிள்ளையட்ட சொன்னியாமே, ஒருத்தருக்காவ ஒருத்தர் பாடினோம்ணு."

"ஆமா மைனி. அதானே நடந்தது?"

"மொத வரிக்கு அது சரியாக்கும்" என்றாள். "ரெண்டாவது வரியில எனக்குக் கேட்டுதே. அவரு மலையாளம் பாடுதாருண்ணு நல்லாக் கேட்டுது. எனக்கு மலையாள வார்த்தை தெரியாதா? மாறியிருக்கலாம். எனக்க அப்பாக்க முன்ன என்னைக் கேலி செய்யுதாருண்ணு நெனச்சேன். அவரு மாறட்டுண்ணு நெனச்சேன். சத்தத்தக் கூட்டினேன். அவரும் கூட்டினாரு."

நாங்கள் ஏன் நிறுத்தவில்லை என்று இத்தனை வருஷமாக நான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இதுதான் பதில். அன்பினால் வந்த பிழை என்று எனக்கு நானே சொல்லி, பேரனுக்கும் சொல்லி, அந்த அவமானத்துக்கு ஒரு நல்ல சட்டை தைத்துப் போட்டிருந்தேன். அதையும் அவள் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள்.

அதற்குள் பேரன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து மைனியின் காலடியில் குந்தி உட்கார்ந்தான். எப்படி இருந்தது என்று கேட்டான். அவள் அவன் தலையைத் தடவி, "நல்லாப் பாடினிய மக்கா. அடுத்தது எங்கயாக்கும்?" என்றாள்.

"வெள்ளறடை, பெரிய பாட்டி. நீங்க கண்டிப்பா வரணும்."

"வாறேன்" என்றாள் மைனி. "ஆனா அங்க இதப் பாடாண்டாம், கேட்டியா? அங்க எனக்க வீட்டுக்காரரு எனக்கிட்ட கேட்டாரு. நான் வேண்டாம்ணு சொன்னேன்."